முன்னுரையோடு நின்றுபோன சயீத்

மயிலாப்பூர் மாடவீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரங்கில் கூட்டம். நாற்பது நாற்காலி, பாதி நிரம்பியிருந்தது. பேச்சாளர் நன்றாகப் படித்தவர், நன்றாகப் பேசவும் தெரிந்தவர். ஒரு மணி நேரம் கால்டுவெல்லைத் துவைத்துக் காயப்போட்டார். கடைசியில் முத்தாய்ப்பு: "வெள்ளைக்காரன் நம்மளப் பத்தி எழுதினது பூரா நம்மள ஆள்றதுக்காக எழுதினது. நம்மளப் பத்தி எழுத நமக்குத்தான் உரிமை. இத நான் சொல்லல சார், எட்வர்ட் சயீத்தே சொல்லிட்டார்." கைதட்டல் பலமாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் பக்கம் குனிந்தார். "யாருப்பா இந்த சயீத்? பாகிஸ்தானா?"

"பாலஸ்தீனம், மாமா. நியூயார்க்ல இங்கிலீஷ் இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர். பொறப்புல கிறிஸ்தவர்."

"கிறிஸ்தவனா!" என்று மேடையை ஒருமுறை பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. காபி வந்துவிட்டது.

அந்தப் பேச்சாளரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இதே வாக்கியத்தைத் தி.நகரில் ஒரு நூல் வெளியீட்டில் கேட்டிருக்கிறேன். அடையாறில் ஒரு கருத்தரங்கில், கொள்கையில் இவருக்கு நேரெதிரான ஒருவர் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கு வெளியாள் வெள்ளைக்காரன், இன்னொருவருக்குப் பிராமணன், மூன்றாமவருக்கு வடக்கத்தியான். ஆள் மாறுகிறது, பூட்டு ஒன்றுதான். 'எங்களைப் பற்றி வெளியாள் எழுதாதே, சாட்சி சயீத்.' இந்த ஊர் அவருக்குக் கொடுத்திருப்பது வாட்ச்மேன் வேலை.

அந்த வாக்கியத்துக்குள் ஒரு வலி இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. நம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், பிடித்து நிறுத்திய ஆட்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் ஏழு தொகுதிகளில் அகரவரிசையில் அடுக்கினார். தன் தாத்தாவின் மூக்கை ஒருவன் அளந்தான் என்று படிக்கிற பேரனுக்கு அந்த அளவுகோலைப் பிடுங்கத் தோன்றும். நியாயம். பிடுங்கியவன் அதை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்கிறான் என்பதில்தான் எனக்குச் சண்டை.

லஸ் முனைப் பிளாட்பாரத்தில் பழைய புத்தகக் குவியலிலிருந்து நான் எடுத்த சயீத்தின் 'ஓரியண்டலிசம்' பிரதி இப்போது மேஜைமேல் கிடக்கிறது. அட்டையில் ஜெரோம் என்கிற பிரெஞ்சு ஓவியர் வரைந்த பாம்பாட்டிப் படம். நீல ஓடு பதித்த சுவர், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்த கிழவரும் ஆயுதக்காரரும், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உடம்பில் பொட்டுத் துணியில்லாமல் ஒரு பையன். அவன் உடம்பைச் சுற்றி ஒரு பெரிய பாம்பு. பாம்பைப் பார்க்கிறவர்களை நாம் பார்க்கிறோம். பையனின் முகம் நமக்குக் கிடைக்காது. முன்பு இந்தப் பிரதியை வைத்திருந்தவர் ஆர்வமாகப் படித்தவர். பென்சிலில் கோடு, நட்சத்திரம், ஓரத்தில் ஆச்சரியக்குறி. முன்னுரை 28ஆம் பக்கத்தில் முடிகிறது. பென்சிலும் அங்கேயே முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு பக்கத்தில்கூடக் கைபட்ட அடையாளம் இல்லை.

முந்நூறு பக்கம் தாண்டி, புத்தகம் முடியப்போகிற இடத்தில், சயீத் அந்த மயிலாப்பூர் முத்தாய்ப்புக்கு முன்கூட்டியே பதில் சொல்லியிருக்கிறார். ஒரு இனத்தைப் பற்றி அந்த இனத்தவர்தான் எழுதலாம், ஒரு மதத்தைப் பற்றி அந்த மதத்தவர்தான் எழுதலாம் என்பது தன் கட்சி இல்லை என்று அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்கிறார். சொல்லியும் பலிக்கவில்லை. புத்தகம் வந்தது 1978இல். தன் புத்தகத்தை மேற்குக்கு எதிரான புத்தகமாகப் படிக்கிறார்கள் என்று 1994ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய பின்னுரையிலும் அவர் குறைப்பட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதாவது, மயிலாப்பூர் மட்டுமில்லை, உலகம் முழுக்கவே பென்சில் 28ஆம் பக்கத்தில் நின்றிருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டுரை உண்டு, 1985. தன் புத்தகத்தைத் தானே திரும்ப எடுத்துப் பார்த்து எழுதியது. பெண்களைப் பற்றிப் பெண்கள்தான் எழுதலாம் என்பதுபோல அறிவைச் சொத்தாக்கி வேலி போடும் போக்கை அதில் பெயர் சொல்லிக் கண்டிக்கிறார். அது வெளியான இதழ் லண்டனிலிருந்து வந்த 'ரேஸ் அண்ட் கிளாஸ்'. அதன் ஆசிரியர் யார் என்று நம் அரங்குகளில் கேட்டால் பதில் வராது. ஒரு தமிழர். ஏ. சிவானந்தன். யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்க் குடும்பம், 1923இல் பிறந்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு லண்டன் போய் இறங்கினார். அந்த நேரம் பார்த்து அங்கே நாட்டிங்ஹில்லில் கறுப்பர்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் வங்கி வேலை பார்த்தவருக்கு அங்கே கிடைத்தது ஒரு பொது நூலகத்தில் டீ போட்டுக் கொடுக்கும் வேலை. அங்கிருந்து நூலகர் ஆனார், இன உறவு நிறுவனத்தின் தலைமை நூலகர் ஆனார். அரசாங்கத்துக்கும் கம்பெனிகளுக்கும் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தை 1972இல் ஊழியர்கள் கவிழ்த்தபோது அவர் முன்னால் நின்றார், பிறகு இயக்குநரானார். 'ரேஸ்' என்று மட்டும் இருந்த அதன் இதழுக்கு 'கிளாஸ்' சேர்ந்தது அப்போதுதான். 2018 ஜனவரியில் இறந்தார்.

தி.நகரில் ஈழத்தவர் என்றால் இன்னமும் 1982 மே மாதம் பாண்டி பஜாரில் ஈழ இயக்கத்தவருக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டைத்தான் பெரியவர்கள் எடுப்பார்கள். கொஞ்சம் இளகிய மனசுக்காரர்கள் அகதி முகாமைப் பற்றிப் பேசுவார்கள். நாடு விட்டுப் போன தமிழன் என்றால் துப்பாக்கி, இல்லாவிட்டால் கையேந்தல். நாடு விட்டுப் போன தமிழன் ஒருவன் நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு உலகத்தின் சிந்தனையாளர்களிடம் கட்டுரை வாங்கிப் போட்டான் என்கிற மூன்றாவது படம் நம்மிடம் இல்லை. இருந்திருந்தால் சயீத்தின் மறுப்பு எங்கே அச்சாகியிருக்கிறது என்று தேடவாவது தோன்றியிருக்கும்.

இனி சயீத்தின் வாழ்க்கைக்கு வருகிறேன், ஏனென்றால் 'உள்ளாள்' கட்சிக்கு அந்த வாழ்க்கையைவிடப் பெரிய மறுப்பு கிடையாது. 1935 நவம்பர் 1, ஜெருசலேம். அரபுக் குடும்பப் பெயருக்கு முன்னால் எட்வர்ட் என்று ஒரு பெயர், அப்போதைய இங்கிலாந்து இளவரசரின் ஞாபகமாக. அப்பா முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர், அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், கெய்ரோவில் எழுதுபொருள் வியாபாரி. ஜெருசலேமின் தால்பியா பகுதியில் குடும்ப வீடு. 1947 கடைசியில் அங்கிருந்து கெய்ரோ. அங்கே விக்டோரியா கல்லூரி என்கிற ஆங்கிலப் பள்ளி. பள்ளிக்குள் ஆங்கிலம்தான் பேச வேண்டும், அரபு பேசினால் தண்டனை.

தி.நகரில் நான் படித்த பள்ளியில் வகுப்புக்குள் தமிழ் பேசினால் எட்டணா அபராதம். லீடர் பையன் ஒரு நோட்டில் பெயர் எழுதுவான். நாங்கள் அந்த நோட்டுக்குப் பயந்து கழிப்பறைக்குப் போய்த் தமிழ் பேசினோம். விக்டோரியா கல்லூரிப் பையன்கள் அதே காரணத்துக்காக அரபை ஆயுதம் மாதிரி தூக்கினார்கள். சயீத்தை 1951இல் பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள். அப்பா அமெரிக்காவுக்கு ஏற்றி அனுப்பினார். பிரின்ஸ்டன், ஹார்வர்ட், 1963இலிருந்து கொலம்பியா.

இப்போது கவனியுங்கள். தாய்மொழிக்குத் தண்டனை வாங்கிய இந்தப் பையன் வளர்ந்து எதைப் பற்றி ஆராய்ச்சி செய்தான்? ஜோசஃப் கான்ராட். போலந்துக்காரர், கப்பலோட்டி, வயது வந்தபின் கற்ற ஆங்கிலத்தில் நாவல் எழுதியவர். 1966இல் வந்த முதல் புத்தகமே கான்ராடைப் பற்றித்தான். அவர் வாழ்நாள் முழுக்கக் கொண்டாடிய விமர்சகர் எரிக் அவுவர்பாக், ஒரு ஜெர்மானிய யூதர். நாஜிகள் மார்பர்க் பல்கலைக்கழக வேலையைப் பறித்ததால் இஸ்தான்புல்லுக்குப் போனவர். நல்ல நூலகம் கைக்கு எட்டாத அந்த ஊரில் உட்கார்ந்து ஐரோப்பிய இலக்கியம் முழுவதையும் ஹோமரிலிருந்து அளந்து 'மிமெசிஸ்' எழுதினார். அது 1946இல் பெர்ன் நகரில் அச்சானது. அவுவர்பாக்கின் ஒரு கட்டுரையைச் சயீத் 1969இல் முதல் மனைவியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஒரு பாலஸ்தீனன் ஒரு யூத அகதியைக் குருவாக வைத்துக்கொண்டிருக்கிறான். அந்த யூத அகதி முஸ்லிம் நகரத்தில் உட்கார்ந்து கிறிஸ்தவ ஐரோப்பாவின் இலக்கியத்தைக் காப்பாற்றுகிறான். இதில் யார் உள்ளாள், யார் வெளியாள் என்று மாடவீதி அரங்கில் ஒரு பட்டியல் போட்டுத் தந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு, நம் ஆட்களுக்கு இது கசக்கும். சம்ஸ்கிருதத்தைக் கண்டுபிடித்த ஐரோப்பா எப்படி மயங்கிப்போனது என்று பிரெஞ்சுக்காரர் ரேமோன் ஷ்வாப் ஒரு பெரும் புத்தகம் எழுதினார். 1984இல் அதன் ஆங்கிலப் பதிப்பு வந்தபோது முன்னுரை எழுதிக் கொடுத்தவர், ஓரியண்டலிஸ்டுகளைக் கண்டாலே ஆகாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இதே சயீத். பாராட்டித்தான் எழுதினார்.

சரி, நம்ம ஊர் விஷயம். சயீத் மெட்ராஸைப் பற்றி எழுதவில்லை. அவர் கண் எகிப்திலும் லெவன்டிலும் இருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு வருகிறது இரண்டாவது கட்சி. "எல்லிஸும் கால்டுவெல்லும் நமக்கு நல்லதுதானே செஞ்சாங்க? சயீத் நமக்குப் பொருந்தமாட்டார், தள்ளுங்க." இவர்களுக்கு ஓரியண்டலிஸ்டு நல்லவன், முதல் கட்சிக்குக் கெட்டவன். இரண்டு கட்சியும் நடத்தை சர்டிபிகேட்தான் எழுதிக்கொண்டிருக்கின்றன.

எல்லிஸை எடுத்துக்கொள்வோம். மெட்ராஸ் கலெக்டர். 1812இல் சென்னைக் கல்விச் சங்கம் தொடங்கியவர், நுங்கம்பாக்கத்துக் காலேஜ் ரோட்டின் பெயரில் இருக்கும் காலேஜ் அதுதான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சம்ஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்ற சான்றை 1816இல், கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்னால், அச்சில் வைத்தார். பகலில் வரிக்கணக்கு, ராத்திரி குறள். ராயப்பேட்டையில் கிணறு வெட்டிக் கல்வெட்டு வைத்தபோது அதிலும் குறளைச் செதுக்கினார். நல்லவரா, கெட்டவரா? தாமஸ் டிரவுட்மன் 2006இல் எழுதிய புத்தகம் இதைவிடப் பிரயோஜனமான கேள்வியைக் கேட்கிறது. அந்தச் சான்று எப்படி உருவானது? பதில்: எல்லிஸ் தலையிலிருந்து மட்டும் உதிக்கவில்லை. பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா போன்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேர்ச்சொல் பிரித்தார்கள். தற்சமம், தற்பவம், தேசியம் என்று சொல்லைப் பிரிக்கும் இலக்கண மரபு இங்கே ஏற்கெனவே இருந்தது. டிரவுட்மன் இதைச் சயீத்தோடு முரண்பட்டே சொல்கிறார், அந்த முரண்பாடு நியாயமானது. மெட்ராஸ் சயீத்தின் புத்தகத்தில் ஓர் ஓட்டை. ஆனால் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவரே வெளியாள். மிச்சிகனில் வேலை பார்த்த அமெரிக்கர். உள்ளாள் சட்டம் அமலில் இருந்திருந்தால் பட்டாபிராம சாஸ்திரியின் பெயர் இன்னும் கட்டுக்குள்ளேயே கிடந்திருக்கும்.

கால்டுவெல்லிடம் போனால் விஷயம் இன்னும் சுவாரசியம். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவரும் அவர்தான். 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி அவர்களுடைய புத்தியையும் ஒழுக்கத்தையும் மட்டம் தட்டியவரும் அவர்தான். முதல் புத்தகத்துக்காக 1968இல் மெரினாவில் சிலை வைத்தோம். இரண்டாவது புத்தகத்தை எதிர்த்து நாடார் சமூகத்தவர் துண்டுப் பிரசுரம் போட்டுக் கிளம்பினார்கள், எதிர்த்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அந்த எதிர்ப்பைக் கூர்ந்து பாருங்கள். 'நீ அயர்லாந்தில் பிறந்தவன், உனக்கு எங்களைப் பற்றிப் பேச உரிமையில்லை' என்பது அவர்கள் வாதம் இல்லை. 'நீ எழுதியது தப்பு, இதோ ஆதாரம்' என்றார்கள். அவருடைய ஆயுதமான அச்சையே எடுத்து அவருக்குப் பதில் சொன்னார்கள். சயீத் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னால், பனங்காட்டுக்காரர்கள் சயீத்தைச் சரியாகப் படித்துவிட்டார்கள் என்பேன். ஒரு வாக்கியம் புத்தகமாகி, புத்தகம் மேற்கோளாகி, மேற்கோள் அரசாங்கக் கெஜட்டில் ஏறி, கடைசியில் மனிதனைவிட அவனைப் பற்றிய வாக்கியம் பெரிதாகிவிடுவது எப்படி என்பதுதான் 'ஓரியண்டலிசம்' முழுக்கச் சொல்லும் கதை. எழுதியவனின் தோல் நிறம் அந்தக் கதையில் ஒரு பகுதி. முழுக்கதை இல்லை.

மேடையில் ஒருபோதும் வராத ஒரு பகுதியும் இருக்கிறது. திட்டுவது மட்டும் ஓரியண்டலிசம் கிடையாது, புகழ்வதும் அதில் சேர்த்தி. கிழக்கு என்றால் ஆன்மிகம், காலமில்லாதது, கண் மூடியது, ஞானி பூமி: இதுவும் அந்த ஜெரோம் படத்தின் சுவரில் பதித்த நீல ஓடுதான். 1882 கடைசியில் பிரம்மஞானிகளான அமெரிக்கர் ஆல்காட்டும் ரஷ்யப் பேரரசில் பிறந்த பிளவாட்ஸ்கியும் அடையாற்றங்கரைக்கு வந்தது இந்தக் கிழக்கைத் தேடித்தான். ஆல்காட் 1886இல் தொடங்கிய அடையாறு நூலகத்தில் சேர்ந்த ஓலைச்சுவடிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், அதை மறுக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் வசவைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பாராட்டை மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிற பழக்கத்துக்கு என்ன பெயர்? இந்தியாவில் ஒருநாளும் கால் வைக்காத மாக்ஸ் முல்லர் நம்மைப் புகழ்ந்தால் அவர் மகரிஷி. இங்கேயே அரை நூற்றாண்டு கிடந்து இடையன்குடியில் மண்ணாகிப்போன கால்டுவெல் சூழ்ச்சிக்காரர். இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் சயீத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவர் எதிர்த்தரப்புச் சாட்சியாகத்தான் போய் நிற்பார்.

பெசன்ட் நகரில் உ.வே. சாமிநாதையர் நூலகம் இருக்கிறது. உள்ளாள் கட்சிக்காரர்கள் ஒருமுறை அங்கே போய்வரலாம், மயிலாப்பூரிலிருந்து 29சி பஸ் இருக்கிறது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபோது சாமிநாதையர் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததுகூட இல்லை. அது ஜைனக் காப்பியம், இவரோ மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த பழுத்த சைவர். ஏடு கிடைத்தும் பொருள் பிடிபடவில்லை. கும்பகோணத்து ஜைனர்களைத் தேடிப் போனார். சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் மாணவன் மாதிரி உட்கார்ந்து சமயக் கருத்துகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். பதினோரு வருஷம் கழித்து மணிமேகலை, பௌத்தக் காப்பியம். வெளியாள். நூற்றுக்கு நூறு வெளியாள். அந்த ஜைனர்கள், 'ஐயரே, இது எங்கள் புத்தகம், உமக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்டிருக்கலாம். கேட்காததால்தான் இன்று நமக்குச் சிந்தாமணி அச்சில் இருக்கிறது. அவரும் அவர்களிடம் போய் 'நான் பண்டிதன், எனக்குத் தெரியும்' என்று நிற்கவில்லை. தெரியாது என்று ஒத்துக்கொண்டு போனார். தர்ஸ்டன் ஆளைக் கூப்பிட்டு நிறுத்தி மூக்கை அளந்ததற்கும் சாமிநாதையர் ஆள் வீட்டுக்குப் போய்ப் பாடம் கேட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் சயீத் தேவைப்படுகிறார். பிறப்புச் சான்றிதழை வைத்து அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

நம் இலக்கியக்காரர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. "நானும் என் மொழியில் ஓர் அகதிதான்" என்று அடையாறில் மூன்று படுக்கையறை ஃபிளாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் கூடிவிட்டார்கள், கீழே சயீத் பெயரும் இருக்கும். அறிவாளி என்பவன் ஒருவகையில் நாடு கடந்தவன் என்று அவர் 1993 பிபிசி சொற்பொழிவுகளில் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு ஒன்பது வருஷம் முன்பே நாடு இழப்பதைப் பற்றி எழுதிய கட்டுரையில், அது யோசிக்க வசீகரமாகவும் அனுபவிக்கக் கொடூரமாகவும் இருக்கும் விஷயம் என்று எச்சரித்திருக்கிறார், அதை இலக்கிய நகையாகப் போட்டுக்கொள்வதில் இருக்கும் ஆபத்தையும் சேர்த்து. தான் முகாமில் கிடந்த அகதி இல்லை, வசதியான வீட்டுப் பிள்ளை என்பதை அவர் மறைக்கவும் இல்லை. 1992இல் நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு தால்பியா வீட்டு வாசலுக்குப் போனார். வீட்டில் ஒரு வெளிநாட்டுக் கிறிஸ்தவ அமைப்பு குடியிருந்தது. உள்ளே போகவில்லை. தெருவில் நின்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்பினார்.

அவரைப் பாலஸ்தீனப் பிரசாரகர் என்று ஒதுக்குகிறவர்களுக்கும் ஒரு தகவல். 1977இலிருந்து பாலஸ்தீன தேசிய சபையில் இருந்தவர் 1991இல் விலகினார். 1993 ஆஸ்லோ ஒப்பந்தத்தை உலகமே கைதட்டி வரவேற்றபோது அராஃபத் சரணடைந்துவிட்டார் என்று எழுதினார். 1996இல் அவர் புத்தகங்களைக் கடைகளிலிருந்து அள்ளியது அராஃபத்தின் பாலஸ்தீன நிர்வாகம். சிவானந்தனும் இந்த வகைதான். இலங்கைத் தமிழர் மூன்று தலைமுறைக் கதையை 1997இல் ஆங்கில நாவலாக எழுதியபோது அரசின் துப்பாக்கியைச் சொன்ன அதே பேனாவால் இயக்கங்களின் துப்பாக்கியையும் சொன்னார். தன் ஆட்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல முடியாதவனை இவர்கள் இருவருமே உள்ளாளாகக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

2003 செப்டம்பர் 25, நியூயார்க். பன்னிரண்டு வருஷம் ரத்தப் புற்றோடு இருந்த பிறகு சயீத் இறந்தார். அஸ்தி லெபனானில் மலைமேல் ப்ரும்மானாவில் இருக்கிறது.

கூட்டம் முடிந்த மறுவாரம் அந்த லஸ் பிரதியைப் பொது நண்பர் மூலம் பேச்சாளருக்குக் கொடுத்தனுப்பினேன். முந்நூறு பக்கம் தாண்டி அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் துண்டுத் தாளை ஒட்டியிருந்தேன். சண்டைக்கு இல்லை, சும்மா ஒரு பார்வைக்கு என்று சொல்லச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது, நன்றி சொல்லச் சொன்னாராம், பிரமாதமான புத்தகமாம். மஞ்சள் தாள் ஒட்டிய இடத்திலேயே இருந்தது. 31ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்.